திங்கட்கிழமை நோட்டீஸ்

ஒவ்வொரு திங்கட்கிழமையும், காலை உணவு முடிந்து பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்ட பிறகு, பர்கிஸ் அம்மாள் வேலையை விட்டு விலகுவார். அது அவருடைய வழக்கம். விடியற்காலையில் இரும்பு அடுப்பின் சாம்பலைக் கிளறுவதும், சனிக்கிழமைதோறும் செப்புப் பாத்திரங்களை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்ப்பதும் எப்படி அவருடைய வாரத்தில் அடங்கியிருந்தனவோ, அப்படியே இதுவும் அடங்கியிருந்தது.

ஹேசல்டன் வீட்டின் எஜமானி டாரன்ட் அம்மாள், அந்த வாரத்துச் சாப்பாட்டை முடிவு செய்வதற்காகச் சிலேட்டும் சாக்குக்கட்டியுமாகச் சமையலறைக்கு இறங்கி வருவார். பர்கிஸ் அம்மாள் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொள்வார். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். மேசைக்கு அப்பால் நிமிர்ந்து நின்று சொல்வார்:

“அம்மா, இன்னியிலேருந்து ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள்கூட நான் இந்த வீட்டுல இருக்கறதா இல்ல. வேற ஆள் பாத்துக்குங்க.”

“ஆகட்டும் மிஸஸ் பர்கிஸ், ஆகட்டும்,” என்பார் எஜமானி, சிலேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே. “புதன்கிழமைக்கு மீன் வாங்கிடலாமா?”

“ஹெர்ரிங் நல்லா வருதுங்கம்மா.”

அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைக்குள் இருவருமே அதை மறந்திருப்பார்கள். மூடி போட்டுக் கொதிக்கும் கெட்டிலுக்கு ஒரு சிறு துளை எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் அந்தச் சமையல்காரருக்கு அந்தத் திங்கட்கிழமை.

காரணங்களுக்கு அந்த வீட்டில் ஒருநாளும் பஞ்சமிருந்ததில்லை. எஜமானர் செப்டிமஸ் டாரன்டுக்கு மழைதான் உலகம். ஒரே புல்வெளியில்கூட வானம் பாரபட்சமாகத்தான் பெய்கிறது என்பது அவர் கொள்கை. அதை நிரூபிக்க, மேகம் கறுத்தவுடன் சமையலறைக்குள் நுழைந்து, புட்டிங் வேகவைக்கும் பீங்கான் கிண்ணங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் புல்லின்மேல் வரிசையாக வைத்துவிடுவார். மேகம் கறுக்காத நாள் இங்கிலாந்தில் எத்தனை என்று சமையல்காரரைக் கேட்டால் சொல்வார்.

அவருடைய இரட்டைப் பெண்கள் ஹெஸ்டர், மாட் இருவரும் இறந்த எதற்கும் ஈமச்சடங்கு செய்யாமல் விடமாட்டார்கள். வாணலியில் வெண்ணெய் உருகிக் கருகிக்கொண்டிருக்கும். அவர்களோ ஹெர்ரிங் மீன்களைப் பலகையில் கிடத்தி, கறுப்பு நாடா கட்டிக்கொண்டு, மறைந்தவர்களின் நற்குணங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார்கள்.

டாரன்ட் அம்மாளுக்கோ வேறொரு கோளாறு. அவர் நாக்கில் “முடியாது” என்ற சொல் ஏறவே ஏறாது. வாசலுக்கு வந்த தூரிகை வியாபாரி எவனையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. போத்தல் கழுவும் தூரிகை, தொப்பி துடைக்கும் தூரிகை, குதிரையே இல்லாத வீட்டில் குதிரை தேய்க்கும் தூரிகை என்று வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் முள்ளம்பன்றிபோல ஏதாவது ஒன்று உருண்டு விழும்.

இத்தனைக்கும் நடுவே ஒருவருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. பர்கிஸ் அம்மாளுக்குப் போவதற்கு வேறு இடமே இல்லை. சமையல்காரருக்கு மரியாதைக்காகப் போடும் ‘மிஸஸ்’ என்பது பெயரோடு வந்ததே தவிர, கணவர் என்று ஒருவர் வந்ததில்லை. தகரப் பெட்டி ஒன்று கூரையடி அறையில் கட்டிலுக்குக் கீழே இருந்தது; அதை அவர் துணிமணி வைக்கும் பெட்டியாக நினைப்பதையே விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கறுத்த பிளம் பழ ஜாம் ஜாடிகளை அதில்தான் அடுக்கி வைத்திருந்தார். சமையலறை அலமாரியில் வைத்தால் இரட்டையர்கள் ஜாமைத் தின்றுவிட்டு ஜாடிக்கு ஈமச்சடங்கு செய்துவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு, அதை அவர் தமக்கே சொல்லிக்கொண்டதில்லை. விலகுவதாக நோட்டீஸ் கொடுத்த பிறகு, எஜமானி “ஆகட்டும்” என்று சொல்வதற்கு முன், கண்ணிமைக்கும் நேரம் ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் அவர் காது கொஞ்சம் கூர்மையாகும். பிறகு மீன் பேச்சு வந்துவிடும்.

அந்த ஆண்டு நவம்பர் கடைசியில், புட்டிங் கிண்டும் ஞாயிறு வந்தது. தேவாலயத்திலிருந்து திரும்பியதும் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும், எஜமானர் முதல் வேலைக்காரர் வரை, கிறிஸ்துமஸ் புட்டிங் மாவை மரக்கரண்டியால் கிழக்கிலிருந்து மேற்காக ஒருமுறை கிண்டி, கண்ணை மூடி மனசுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டும். வேண்டியதை வெளியே சொன்னால் பலிக்காது. உலர்திராட்சை, மாட்டுக் கொழுப்பு, ரொட்டித்தூள், பிராந்தி எல்லாம் சேர்த்துப் பெரிய கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பர்கிஸ் அம்மாள் காத்திருந்தார். மற்ற வீடுகளில் இது நிமிஷ வேலை.

“கிழக்கிலேருந்து மேற்கா. சரி,” என்றார் டாரன்ட் ஐயா, கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி. “ஆனா கிழக்கு எது?”

“சூரியன் உதிக்கற பக்கம்தாங்கய்யா.”

“அது ஜூன்ல ஒரு இடம், நவம்பர்ல ஒரு இடம், மிஸஸ் பர்கிஸ். நீங்க எந்தச் சூரியனச் சொல்றீங்க?”

திசைகாட்டி வரவழைக்கப்பட்டது. அதன் ஊசியோ பக்கத்திலிருந்த இரும்பு அடுப்பைக் கும்பிட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. ஆகவே கிண்ணத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக உத்தரவாயிற்று. பர்கிஸ் அம்மாளும் வீட்டுப் பணிப்பெண் ஐவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். புல்வெளியில் வைத்ததுமே மழை வந்தது.

“யாரும் கிண்டாதீங்க!” என்று ஆனந்தமாகக் கத்தினார் ஐயா. “நான் முதல்ல மழைய அளந்துக்கறேன்.”

இதற்குள் திராட்சையில் செத்த குளவி ஒன்று அகப்பட்டது. இரட்டையர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நனைந்துகொண்டே துக்கப் பாட்டு முழுவதும் பாடினார்கள். வேலியோரம் வழி கேட்டு வந்த முன்பின் தெரியாத ஒருவர் நின்று பார்த்து, தாமும் ஒரு கிண்டு கிண்டலாமா என்று கேட்டார். டாரன்ட் அம்மாள் “ஆகட்டும்” என்றார். வந்தவர் நிதானமாகக் கண்ணை மூடி நெடுநேரம் வேண்டிக்கொண்டார். வேண்டுதல் நிறைய இருந்ததுபோலும்.

கடைசியாகக் கரண்டி பர்கிஸ் அம்மாள் கைக்கு வந்தது. தொப்பியின் ஓரத்திலிருந்து மழைநீர் மூக்கில் சொட்டியது. வழக்கமாக அவர் வேண்டுவது ஒன்றே: ‘இந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் புத்தியக் குடு.’ ஆண்டுதோறும் வேண்டியும் பலித்த அறிகுறியே இல்லை. ஒருவேளை ஆண்டவரால்கூட முடியாத காரியமோ என்னவோ என்று அவருக்கு அன்று தோன்றியது. ஆகவே வேறு மாதிரி வேண்டினார்.

‘இவங்க மாறப்போறதில்ல. எனக்காவது பொறுமையக் குடு. நாளையிலேருந்து இந்த வாய் திறக்காம இருக்கட்டும்.’

மறுநாள் திங்கட்கிழமை. பொழுது விடியும்போதே சோதனைகள் தயாராக நின்றன. புல்வெளியில் கிண்ணங்கள் உறைபனியில் ஒட்டிக்கொண்டிருந்தன. பின்வாசலில் புதிதாக ஒரு கட்டுத் தூரிகை. பர்கிஸ் அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டாரன்ட் அம்மாள் சிலேட்டுடன் வந்தார். சமையல்காரர் கையைத் துடைத்தார், தொப்பியைச் சரிசெய்தார், நிமிர்ந்து நின்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

சாக்குக்கட்டி சிலேட்டின்மேல் நின்றது. அடுப்பில் கெட்டில் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

“ம்… வேற ஏதாவது சொல்லணுமா, மிஸஸ் பர்கிஸ்?”

“ஒண்ணும் இல்லீங்கம்மா.”

“ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்லீங்கம்மா. மீன்…”

டாரன்ட் அம்மாளின் முகம் வெளுத்தது. மீனைப் பற்றிக் கேட்காமலே அவர் திரும்பிப் படியேறிப் போய்விட்டார்.

“ஏன் மிஸஸ் பர்கிஸ், நீங்க நோட்டீஸ் குடுக்கல?” என்றாள் ஐவி. பத்தொன்பது வயதுப் பெண். வெங்காயம் நறுக்காமலே அழக்கூடியவள். அவள் கண்ணில் இப்போதே நீர் தளும்பியது.

“அதச் சொல்லக்கூடாதும்மா.”

“எங்கிட்டகூடவா?”

“யாருகிட்டயும். சொன்னா நடக்காது. போய்க் கரி எடுத்துட்டு வா.”

ஐவி கரி எடுக்கப் போகவில்லை. நேரே முன்னறைக்குப் போய், ‘சொன்னா நடக்காது’ என்ற வார்த்தையை அப்படியே அங்கே வைத்துவிட்டாள்.

ஒரு பண்ணையில் விடியுமுன் கூவும் சேவல் ஒன்று இருந்தது என்றும், கோழிகள் எல்லாம் அதைத் திட்டிக்கொண்டேதான் கண்விழிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருநாள் சேவலுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. கோழிகள் கூட்டை விட்டு இறங்கவே இல்லை. சூரியன் ஓடிப்போய்விட்டது என்று முடிவுகட்டி, உச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு இருட்டுக்குப் பயந்து நடுங்குகின்றன. அன்று டாரன்ட் குடும்பத்தின் ஆலோசனையும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது என்று ஐவி பிற்பாடு சொன்னாள்.

“போறேன் போறேன்னு சொல்ற வரைக்கும் அவங்க போகமாட்டாங்க,” என்றாராம் டாரன்ட் அம்மாள். “இப்ப சொல்லவே இல்ல. அப்படின்னா?”

“வேற இடம் பாத்துட்டாங்க,” என்றாராம் ஐயா மனைவியிடம். “காத்தழுத்தமானியும் இப்படித்தான் லெட்டி. முள்ளு ஆடிட்டே இருந்தா பயமில்ல. திடீர்னு அசையாம நின்னுடுச்சுன்னா, பின்னாலயே பெரிய புயல் வருதுன்னு அர்த்தம்.”

“கிறிஸ்துமஸ்ஸுக்கு முன்னாலயேவா?” என்று இரட்டையர்கள் விசும்பினார்களாம்.

சமையல்காரரை நேரில் போய்க் கேட்கலாம் என்று அந்த நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டால் மனம் புண்படும் என்பது அவர்கள் எண்ணம். கேட்காமல், அன்பினாலேயே அவரை நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஐவியிடம் வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அன்பைப் பர்கிஸ் அம்மாள் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டார்.

முதலில் எஜமானர் வந்தார். கிண்ணங்கள் அனைத்தையும் தாமே கழுவிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உறைபனியில் ஒட்டியிருந்ததைக் கொதிநீர் ஊற்றிப் பெயர்த்திருந்தார். பாதிக் கிண்ணங்கள் விரிசல் விட்டிருந்தன.

“இனிமே உங்க கிண்ணத்தத் தொடவே மாட்டேன், மிஸஸ் பர்கிஸ். என் தொப்பியில அளந்துக்கறேன்.”

“நல்லதுங்கய்யா,” என்றார் பர்கிஸ் அம்மாள், விரிசல்களைப் பார்த்தபடி.

பிறகு அவர் கரி வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார், முன்கூடத்துக் கம்பளத்தின் வழியாக. ஐவி அதைத் துடைத்துக்கொண்டே அழுதாள்; அழுகையினால் கரி இன்னும் பரவியது.

அடுத்து டாரன்ட் அம்மாள், வீட்டிலிருந்த தூரிகைகளையெல்லாம் திரட்டி வந்து, தாமே மண்டியிட்டுச் சமையலறைத் தரையைத் தேய்த்தார். எந்தத் தூரிகை எதற்கு என்று அவருக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் பயன்படுத்தினார், சோப்பையும் அப்படியே. அன்று சாயங்காலம் வரை அந்தத் தரையில் நடந்தவர் யாரும் நினைத்த இடத்தில் போய்ச் சேரவில்லை.

புதன்கிழமை மீன்காரர் வந்துபோன பிறகு, பலகையில் ஹெர்ரிங்கைக் காணோம்.

“மிஸ் ஹெஸ்டர், மீன் எங்க?”

“நாங்களே எல்லாம் முடிச்சிட்டோம், மிஸஸ் பர்கிஸ்,” என்றாள் ஹெஸ்டர் பெருமையாக. “உங்களக் காக்க வைக்கவே இல்ல.”

“சத்தம்கூடப் போடல. சின்னதா ஒரு ஜெபம், அவ்வளவுதான்,” என்றாள் மாட்.

“முடிச்சதுன்னா? என்ன முடிச்சீங்க?”

“புதைச்சிட்டோம்.”

பர்கிஸ் அம்மாள் வாயைத் திறந்தார். பற்கள் தெரிந்தன. பிறகு மெதுவாக வாயை மூடிக்கொண்டு, மேசையின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை. “பொறுமையக் குடுன்னுதான் கேட்டேன்,” என்று அடுப்பைப் பார்த்து முணுமுணுத்தார். “இவ்ளோ தேவப்படும்னு முன்னாடியே சொல்லிருக்கலாமே.”

அவர் வாய் திறக்காத ஒவ்வொரு முறையும் மேல்மாடியில் நம்பிக்கை ஒரு படி இறங்கியது. மீனைப் புதைத்தும் திட்டவில்லை என்றால், அவர் மனத்தளவில் இந்த வீட்டை விட்டுப் போயே போய்விட்டார் என்றுதானே அர்த்தம்?

வியாழக்கிழமை காலையில் பர்கிஸ் அம்மாள் ஆப்பிள் பைக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தபோது, பின்வாசலில் ஸ்டேஷன் வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து உயரமான ஒரு பெண்மணி இறங்கினார். பின்னால் ஒரு தகரப் பெட்டியும் இறங்கியது. அவர் உள்ளே வந்து, அடுப்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் பர்கிஸ் அம்மாளைப் பார்த்தார்.

“நான் மிஸஸ் கிளெக். புதுச் சமையல்காரி. நீங்கதான் போறவங்களா?”

மாவுக்கட்டை பாதி உருளலில் நின்றது.

“யாரு உங்கள வரச் சொன்னது?”

“யாரா? டாரன்ட் அம்மாதான். நேத்து டவுன்ல, ஆள் அமர்த்தற ஆபீஸ்ல. சும்மா விசாரிக்க வந்தேன்னாங்க. ‘வியாழக்கெழம வந்துடவா’ன்னு கேட்டேன். ‘ஆகட்டும்’னாங்க. என்ன தரை இது, சறுக்குது?”

பர்கிஸ் அம்மாளுக்கு, நேற்று எஜமானி புதுத் தொப்பி வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பியதும், கிளம்பும்போது தம் கண்ணைப் பாராமல் போனதும் நினைவுக்கு வந்தன. இந்த அடுப்பின் மூச்சு, எந்த மூலை சூடு, எந்த மூலை சோம்பல் என்பதெல்லாம் இனி இந்த உயரமான பெண்மணிக்கு. கூரையடி அறையும் அவருக்கே.

ஆனாலும் வாய் திறக்கவில்லை. வேண்டுதல் வேண்டுதல்தான்.

மிஸஸ் கிளெக் கோட்டைக் கழற்றி, ஐவியின் கையில் கொடுத்தார். இரட்டையர்கள் கதவருகே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“உங்களுக்கு எந்தப் பாட்டு புடிக்கும்?” என்றாள் மாட் அக்கறையாக. “இப்பவே தெரிஞ்சா எங்களுக்கு வசதி.”

“எதுக்கு?”

“நீங்க செத்துட்டா.”

மிஸஸ் கிளெக் அவளை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். பிறகு, துணியில் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டிருந்த கிறிஸ்துமஸ் புட்டிங் அவர் கண்ணில் பட்டது. அதைக் கழற்றிக் கையில் எடை பார்த்தார், முகர்ந்தார்.

“தண்ணி விட்ட மாதிரி இருக்கே? இது வேலைக்காகாது. கோழிக்குப் போட்டுட்டு வேற செய்யணும்.”

பொறுமை என்பது அந்தப் புட்டிங்கைப் போலத்தான். நன்றாகக் கட்டித் தொங்கவிட்டால் நெடுநாள் இருக்கும். ஆனால் கயிறு என்று ஒன்று இருக்கிறதே. பர்கிஸ் அம்மாள் புட்டிங்கைப் பறித்து மீண்டும் கொக்கியில் மாட்டினார். ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் வீசினார். மாவுக்கட்டையைக் கையில் பிடித்தபடியே படியேறி, கதவைத் தட்டாமல் முன்னறைக்குள் நுழைந்தார்.

“இந்த வீட்டுல மனுஷங்க இருக்காங்களா, இல்ல பைத்தியக்கார ஆஸ்பத்திரில இடமில்லன்னு இங்க அனுப்பி வச்சிருக்காங்களா?”

எஜமானரும் எஜமானியும் துள்ளி எழுந்தார்கள். அவர்கள் முகத்தில் பயத்துக்குப் பதிலாகப் பரவசம் பொங்கியதுதான் பர்கிஸ் அம்மாளின் ஆத்திரத்தை இன்னும் கிளறிவிட்டது.

“லெட்டி, திட்டறாங்க!” என்றார் ஐயா. “முள்ளு ஆடுது!”

“அப்ப நீங்க போகலியா, மிஸஸ் பர்கிஸ்?” என்றார் டாரன்ட் அம்மாள் மூச்சுத் திணற. “வேற இடம் பாக்கலியா?”

“வேற இடமா? எனக்கு எங்கம்மா வேற இடம்? பொறுமை வேணும்னு வேண்டிக்கிட்டேன். அன்னிக்கு மழையில நின்னு கிண்டும்போது. அதான் வாயத் திறக்கல. இதோ சொல்லிட்டேன், இனிமே பலிக்காது. பலிச்ச வரைக்கும் போதும்!” மாவுக்கட்டை காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. “பேசாம இருந்தா போறேன்னு அர்த்தமா? ‘என்ன விஷயம்’னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? முதுகுக்குப் பின்னால போய் ஆள் புடிச்சிட்டு வருவீங்களா?”

“கிறிஸ்துமஸ்ஸுக்கு சும்மா… அவங்கதான் வரவான்னு கேட்டாங்க… எனக்கு…”

“உங்களுக்கு மாட்டேன்னு சொல்ல வராது. தெரியும்.” பர்கிஸ் அம்மாளின் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. அது கத்தலைவிட மோசமாக இருந்தது. “எத்தன திங்கக்கிழம வந்து போறேன்னு சொல்லிருக்கேன். ஒரு தடவயாச்சும் போகாதீங்கன்னு யாரும் சொன்னதில்ல. ஆகட்டும், மீன் வாங்கலாமா. இவ்ளோதான். இப்ப ஆளும் வந்தாச்சு. நான் கெளம்பறேம்மா.”

யாரும் பதில் சொல்வதற்குள் அவர் பின்படிக்கட்டில் ஏறிப் போய்விட்டார்.

கூரையடி அறையில் மண்டியிட்டுத் தகரப் பெட்டியை இழுத்தார். ஜாம் ஜாடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. உடுப்பு வைக்க இடம் வேண்டுமென்றால் இவ்வளவையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? எரிச்சலில் அவருக்கு அழுகையும் சரியாக வரவில்லை.

ஐவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மிஸஸ் பர்கிஸ்! அம்மா சமையலறைக்குப் போயிருக்காங்க. அந்த கிளெக்க அனுப்பிடப் போறாங்களாம்!”

“எப்படி அனுப்புவாங்க? தூரிகைக்காரனையே அனுப்பத் தெரியாதவங்க.”

“இருங்க, பாத்துட்டு வரேன்.” காலடிச் சத்தம் தடதடவென்று இறங்கி, தடதடவென்று ஏறியது. “‘மிஸஸ் கிளெக், உங்கள இங்க வச்சுக்க முடி…’ வரைக்கும் சொல்லிட்டாங்க!”

“அப்புறம்?”

“அந்தம்மா மொறைச்சாங்க. உடனே நம்ம அம்மா ‘முடிஞ்சா முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க’ன்னு சொல்லிட்டாங்க.”

பர்கிஸ் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். “நான் சொல்லல?”

மீண்டும் இறங்கல், மீண்டும் ஏறல்.

“டீ குடிச்சிட்டாங்க. அம்மா மறுபடி ஆரம்பிச்சாங்க. ‘இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு சமையல்காரர்…’ன்னாங்க. ‘அப்ப ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும்’னு அந்தம்மா ஏப்ரனக் கட்டிக்கிட்டாங்க.”

“என் ஏப்ரனயா?”

“ஆமா.”

“போடி, போய்ப் பாரு. சீக்கிரம் போ!”

இந்த முறை ஐவி வர நேரம் எடுத்துக்கொண்டாள். வந்தபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், கண்ணீர் வழிந்தது.

“சொல்லிட்டாங்க, மிஸஸ் பர்கிஸ். மேசையப் புடிச்சுக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, ‘முடியாது, முடியாது, முடியாது’ன்னு கத்திட்டாங்க. ஐயா ஓடி வந்து யாரோ கொலை செய்யறாங்கன்னு நினைச்சிட்டாரு.”

“அந்த கிளெக் என்ன சொன்னா?”

“நல்லதாப் போச்சுன்னாங்க. துக்கப் பாட்டுல மூணாவது சரணத்துல அவங்க பேரச் சேக்கலாம்னு மாட் சொன்னதுலேருந்தே அவங்களுக்கும் இருப்புக் கொள்ளலயாம். வழக்கப்படி ஒரு மாசச் சம்பளம், ரயில் டிக்கெட் எல்லாம் அம்மா குடுத்துட்டாங்க. மனசு கேக்காம ஒரு கட்டு தூரிகையும் குடுத்துட்டாங்க.”

கீழே வண்டிச் சக்கரங்கள் சரளையில் உருண்டு போகும் ஓசை கேட்டது. அதன் பிறகு பின்படிக்கட்டில் பழக்கமில்லாத கால்கள் தடுமாறி ஏறின. டாரன்ட் அம்மாள் அந்த அறைக்கு அதுவரை வந்ததே இல்லை. வாசற்படியில் நின்று, தலையைக் கூரைச் சட்டத்தில் இடித்துக்கொண்டார். சாக்குக்கட்டி இன்னும் கையில் இருந்தது. தரை முழுக்க நின்ற ஜாம் ஜாடிகளையும் பாதி காலியான பெட்டியையும் பார்த்தார்.

“இது… இதுல எப்பவுமே ஜாமா?”

“பிள்ளைங்க கண்ணுல படாம இருக்கட்டும்னு வச்சேங்கம்மா.”

“அப்ப நீங்க போறேன்னு சொன்னப்பல்லாம் இந்தப் பெட்டி…”

டாரன்ட் அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு ஜாடியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். இன்னொன்றை எடுத்து வைத்தார். அடுக்கத் தெரியவில்லை, ஜாடிகள் சாய்ந்தன. பர்கிஸ் அம்மாள் பொறுக்கமாட்டாமல் குனிந்து நிமிர்த்தி வைத்தார். பிறகு இருவருமாக அடுக்கினார்கள்.

“மிஸஸ் பர்கிஸ், இன்னிக்குத் திங்கக்கிழம இல்ல. தெரியும். இருந்தாலும் ஒரு தடவ சொல்லுங்களேன்.”

“என்னத்தம்மா?”

“வழக்கமாச் சொல்றத.”

பர்கிஸ் அம்மாள் எழுந்தார். கையைத் துடைக்க ஏப்ரனைத் தேடினார். அது கீழே இருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

“அம்மா, இன்னியிலேருந்து ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள்கூட நான் இந்த வீட்டுல இருக்கறதா இல்ல.”

டாரன்ட் அம்மாள் தரையில் உட்கார்ந்தபடியே அவரை நேராகப் பார்த்தார். இந்த முறை மேசையைப் பிடிக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை.

“முடியாது,” என்றார். “நான் விடமாட்டேன், மிஸஸ் பர்கிஸ். இத்தன நாளும் இதத்தான் சொல்லிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு. அவங்களக் கூட்டிட்டு வந்தது அதவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க.”

பர்கிஸ் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளிகள் கண்ணாடியில் விழுந்தன. கீழே பின்கதவு மெல்லத் திறந்தது. புல்வெளியில், ஓசைப்படாமல் நடப்பதாக நினைத்துக்கொண்டு, டாரன்ட் ஐயா விரிசல் விடாத கிண்ணங்களைக் கை நிறைய அணைத்துக்கொண்டு போவது தெரிந்தது.

சமையல்காரரின் முதுகு விறைப்பதை எஜமானி பார்த்தார். அவரும் எழுந்து வந்து பார்த்தார். பிறகு ஜன்னலைத் தள்ளித் திறந்து, மழைக்குள் தலையை நீட்டினார்.

“முடியாது, செப்டிமஸ்! முடியவே முடியாது! அதெல்லாம் மிஸஸ் பர்கிஸோட கிண்ணங்க. இந்த நிமிஷமே உள்ள கொண்டு வந்து வைங்க. உங்ககிட்டத் தொப்பி இருக்குல்ல?”